தகுதிகாண் பருவம்

ஜனவரி 8

அன்புத் தங்கைக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே டிரைவரிடம், "வளைவுல கியரைக் குறைக்காம பிரேக்கை மிதிக்கறீங்களே, வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டுவிட்டேன். மன அமைதி பழக வந்தவள் இந்த மலையூரில் பேசிய முதல் வாசகம் அதுதான். நீ சிரிப்பாய். சிரி.

விடுதி சுத்தமாக இருக்கிறது. மாடியில் இருவருக்கு ஓர் அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, திறந்தால் சாத்தாத ஜன்னல் ஒன்று. என்னோடு தங்கியிருப்பவர் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மாள். நல்ல மனுஷி. தூங்கும்போதும் விரல்கள் போர்வைமேல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. போனை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவசரம் என்றால் அவர்களைக் கூப்பிடு. மற்றபடி இனி நமக்குள் கடிதம்தான்.

வேதாந்தம் சொல்லித்தரும் டீச்சரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் நரைத்த தலையை எதிர்பார்த்துப் போனேன். முப்பத்தைந்துகூட இருக்காது, ஓட்டப்பயிற்சிக்குப் போடுகிற ஷூவோடு வகுப்புக்கு வருகிறார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "யாரும் இப்போ புத்தகத்தைத் திறக்க வேண்டாம். வேதாந்தம் படிக்க வர்றவங்களுக்கு நாலு தகுதி வேணும். நிலையானது எது, நிலையில்லாதது எதுன்னு பிரிச்சுப் பார்க்கற விவேகம். நிலையில்லாததுமேல பிடிப்பு தளர்ற வைராக்கியம். அடக்கம், பொறுமைன்னு மனசுக்கு ஆறு பழக்கம். கடைசியா, விடுதலை வேணும்ங்கற தவிப்பு. ஆறு மாசம் இதை மட்டும் பழகுங்க. அப்புறம் நேர்காணல். தேறினா மூணு வருஷப் படிப்பு."

புரிகிறதா? எனக்குக் கிடைத்திருப்பது பழகுநர் உரிமம்! ஊரில் பாதிப்பேருக்கு அதை வாங்கிக் கொடுத்தவளுக்கு!

கண்ணை மூடி உட்கார்ந்தால் என் வலது கால் தானாகத் தரையை அமுக்குகிறது. பயிற்சிக் காரில் நம் பக்கத்துக்கென்று ஒரு பிரேக் இருக்கிறதே, அந்தப் பழக்கம். டீச்சர் கவனித்துவிட்டு, "யாரை நிறுத்தறீங்க?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

வெள்ளைக் காரின் கிளட்ச்சை உடனே பார்க்கச் சொல். பல் டாக்டரம்மாவுக்கு ரிவர்ஸ் வரும்வரை மெயின் ரோட்டுக்குக் கூட்டிப் போகாதே. எதிர்க்கடைப் பக்கம் ஏறெடுத்தும் பார்க்காதே. நான் இல்லை என்று தெரிந்தால் அந்த மனிதர் நம் மாணவர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொள்வார். நம் டிரைவிங் பள்ளிக்கு நேர் எதிரே இன்னொரு டிரைவிங் பள்ளி வைத்து, அதே மஞ்சளில் போர்டும் எழுதியவருக்கு அதெல்லாம் கைவந்த கலை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசல் படியிலேயே நின்று படித்துவிட்டேன். கையால் எழுதி எத்தனை காலம் ஆயிற்று! என் எழுத்து எனக்கே புரியவில்லை. நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படி.

நீ இல்லாத வீடு அமைதியாக இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே, ரொம்பவே அமைதியாக இருக்கிறது. காலையில் "விளக்கை அணைச்சியா, கேஸை மூடினியா" என்று கேட்க ஆளில்லாமல் நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

பல் டாக்டரம்மா மறுபடியும் தேர்வில் தோற்றுவிட்டார். பின்னால் போகச் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டாராம். "என்ன டாக்டர் இது?" என்று கேட்டேன். "என்கிட்ட வர்றவங்க எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டுக் கண்ணை மூடிப்பாங்க. எனக்கும் தொத்திக்கிச்சு" என்கிறார். பிரேக் அம்மா எப்போது வருவார் என்று தினமும் கேட்கிறார். நம் மாணவர்கள் உனக்கு இந்தப் பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும்தானே? தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள். அடக்கத்துக்கு நல்லது.

வெள்ளைக் கார் கடைசியில் நடுத்தெருவில் நின்றே விட்டது. மெக்கானிக் ஒரு வாரம் வேண்டும் என்றார். அதுவரைக்கும் எதிர்க்கடைக்காரர் தன் காரைக் கொடுத்தார். நான் கேட்கவில்லை, அவராகவே சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். மாணவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வாங்கிக்கொண்டேன்.

கோபப்படாதே. ஆறு பழக்கத்தில் அதுவும் ஒன்றாக இருக்குமே?

உன் தங்கை


பிப்ரவரி 6

அன்புத் தங்கைக்கு,

கோபப்படவில்லை. ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?

இங்கே இந்த மாதம் திதிட்சை பழகுகிறோம். வெயிலோ குளிரோ, புகழ்ச்சியோ இகழ்ச்சியோ, புலம்பாமல் தாங்கிக்கொள்வது. பழிவாங்கும் எண்ணமோ முனகலோ கூடாது. எனக்குக் கிடைத்த பயிற்சிக் கருவி தட்டச்சர் அம்மாள்தான். அவருக்கு ஒரு பாட்டில் பாதி வரிதான் தெரியும். அந்தப் பாதி வரியை நாள் முழுக்க முனகுகிறார். மீதி வரி எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் பார், அதுதான் என் தவம்.

ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று, "எனக்கு வைராக்கியம் நிறையவே உண்டு. எதிர்க்கடைக்காரர் கடை திறந்த நாளிலிருந்து அவரோட ஒரு வார்த்தை பேசினதில்லை" என்றேன், பெருமையாகத்தான். டீச்சர், "வீட்டுல நாம சொல்ற வைராக்கியம் வேற, இங்க சொல்றது வேற. வீட்டு வைராக்கியத்துல அந்த ஆளை ஒரு நிமிஷம்கூட விடறதில்லையே நீங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்காக அந்த மஞ்சள் போர்டு சரி என்று ஆகிவிடாது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். விடியற்காலையில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, எப்போதாவது, மனம் தானே ஓய்ந்து நிற்கிறது. சிறிது நேரம்தான். எஞ்சின் அணைந்த பிறகு காரில் இருக்கிற அமைதி மாதிரி. இத்தனை வருஷம் நான் கேட்டறியாத அமைதி அது. இதற்காக எதையும் விடலாம் என்று தோன்றுகிறது. விட்டுவிட்டுத்தானே வந்திருக்கிறேன்! பள்ளி, வீடு, நீ எல்லாவற்றையும்.

மெக்கானிக்கை அவசரப்படுத்து.

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. தட்டச்சர் அம்மாள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொண்டு, "சாயங்காலம் காபி குடிக்க வரலாமா?" என்று கேட்டார். வந்தார். அது முதல் காபி இல்லை அக்கா. நீ சனிக்கிழமைகளில் தியான வகுப்புக்குப் போக ஆரம்பித்தாயே, அப்போதிலிருந்தே நாங்கள் கடைத்தெரு முனையில் காபி குடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம்.

எழுதிவிட்டேன். சிரிப்பு வருகிறது. நாற்பத்தொன்பது வயதில் இப்படி ஒரு வாக்கியத்தை, அதுவும் உனக்கு எழுதுவேன் என்று நினைத்தேனா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ ஆறு மாதம் போகிறேன் என்றதும் நான் ஓடியாடிப் பெட்டி கட்டினேன். "போயிட்டு வா அக்கா, உனக்கு இது தேவைதான்" என்று நூறு முறை சொன்னேன். பஸ் நிலையத்தில் எல்லோரும், "என்ன பெருந்தன்மை, தனியா பள்ளியையும் பார்த்துக்கிட்டு அக்காவை அனுப்பறாளே" என்றார்கள். பெருந்தன்மையும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ போனால்தான் அவரை நம் வீட்டுக்குள் கூப்பிட முடியும். அவ்வளவுதான்.

நல்ல மனிதர் அக்கா. மெதுவாகப் பேசுவார், சொன்ன நேரத்துக்கு வருவார். என் வண்டிக்கு முன்னால் யார் குறுக்கே வந்தாலும் என்னைவிட அதிகமாக அவர்தான் திட்டுவார். உன்னை மாதிரியே.

உடனே எழுது.

உன் தங்கை


மார்ச் 7

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டே வார்த்தை! தந்தி காலத்தில்கூட ஆட்கள் இதைவிட அதிகம் எழுதினார்கள்.

திட்டி எழுதியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், இருவரும் அழுதிருப்போம், விஷயம் முடிந்திருக்கும். 'அன்பு' என்கிற வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டு 'தங்கைக்கு' என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பல் டாக்டரம்மாவிடம் உறைமேல் இருந்த உன் கையெழுத்தைக் காட்டி, "இது கோபமா, வருத்தமா?" என்று கேட்டேன். "எக்ஸ்ரே எடுத்தாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல். நிறுத்திவிடுவேன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டுக்கொள்வேன்.

உன் தங்கை


ஏப்ரல் 3

அன்புத் தங்கைக்கு,

அன்பைத் திரும்பப் போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

கல்யாணம் என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்றே பெட்டியைக் கட்டினேன். என்ன செய்ய வருகிறேன் என்று எனக்கே தெரியாது. வந்து கூடத்தின் நடுவில் நின்று கத்தியிருப்பேன். டீச்சரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். தோட்டத்தில் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊருக்குப் போறேன். வீட்டுல பிரச்சினை."

"யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல. தங்கச்சி கல்யாணம் பண்ணிக்கப் போறா."

"பையன் மோசமா?"

"பையனா! அவருக்கு அம்பத்திரண்டு வயசு. மோசம்னு சொல்ல முடியாது. எதிர்க்கடை."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பஸ் ஏறியிருப்பேன். குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாத்தையும் விட்டுட்டு வந்தேன்னு சொன்னீங்களே" என்றார்.

"ஆமா."

"விட்டுட்டு வந்த இடத்துல இன்னொருத்தர் வந்து உட்கார்ந்தா ஏன் இவ்வளவு எரியுது? நீங்க விட்டுட்டு வரலை. பஸ் சீட்ல துண்டைப் போட்டுட்டு இறங்கி வந்திருக்கீங்க. போய்த் துண்டை எடுத்துக்கங்க, இல்ல சீட்டை விடுங்க. ரெண்டும் தப்பில்லை. ஆனா எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். கோபம் எதற்கு என்று பிரித்துப் பார்த்தேன். அந்த மனிதர் மேலா? இல்லை. நீ மறைத்தாய் என்றா? கொஞ்சம். உண்மையில் வலித்தது வேறு. நான் போனால் நீ தவித்துப்போவாய், அதையும் மீறித் துணிந்து போகிறேன் என்று எனக்குள் ஒரு கம்பீரம் இருந்தது. நீயோ சந்தோஷமாகக் கையசைத்திருக்கிறாய்! என் துறவைப் பார்த்து அழ ஓர் ஆள்கூட இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இதைத் தட்டச்சர் அம்மாளிடம் சொன்னேன். அவர் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தார். சிறிது நேரம் கழித்து நானும் சிரித்தேன். பிறகு அவருக்குப் பாட்டின் மீதி வரியைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது முழு வரியையும் முனகுகிறார். இது முன்னேற்றமா என்று தெரியவில்லை.

பெட்டியைப் பிரித்துவிட்டேன். கல்யாணம் எப்போது? நேர்காணல் ஜூன் 12. வெளியூரிலிருந்து இரண்டு பெரியவர்கள் அந்த ஒருநாள் மட்டும் வருகிறார்கள். அதை விட்டால் அடுத்த வகுப்பு மூன்று வருஷம் கழித்துத்தான்.

உன் அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதுகொண்டே சிரித்தேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அக்கா என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். "உங்களை மோசம்னு சொல்ல முடியாதாம்" என்றேன். அன்று முழுக்க அந்த ஒரு வார்த்தையிலேயே மிதந்துகொண்டிருந்தார்.

இப்போது கெட்ட சேதி. பதிவு அலுவலகத்தில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் தேதியும் ஜூன் 12தான். காலை பதினொரு மணி. மாற்றிக் கேட்டால் மழைக்காலத்துக்குத் தள்ளிப் போகும் என்கிறார்கள். பரவாயில்லை, தள்ளிப் போடுகிறேன். இத்தனை வருஷம் பொறுத்தவர்கள் இன்னும் சில மாதம் பொறுக்க மாட்டோமா?

ஆனால் நேர்காணலை விட்டுவிட்டு நீ இங்கே வந்து நிற்கக் கூடாது. வந்தால், "உனக்காக என் மோட்சத்தையே விட்டேன்" என்று உயிருள்ளவரை சொல்லிக் காட்டுவாய். எங்களால் தாங்காது.

உன் தங்கை


ஏப்ரல் 24

அன்புத் தங்கைக்கு,

தேதியை மாற்றாதே.

என் வசதிக்காக உன் நாட்களை மாற்றி மாற்றித்தான் உனக்கு நாற்பத்தொன்பது வயதாகிவிட்டது. நீ ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. இங்கே வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருப்பதால் எனக்கே தெரிகிறது.

நான் வரவில்லை என்று ஊர் நாலு விதமாகப் பேசும். பேசட்டும். நான் வந்தாலும் என்ன செய்வேன்? நாற்காலியை இப்படிப் போடு, மாலையை அப்படி வை என்று பதிவாளர்வரை எல்லோரையும் விரட்டுவேன். நீ நிம்மதியாகக் கையெழுத்துப் போடு.

அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொள். இது அறிவுரை இல்லை. ஆசை.

உன் அக்கா


ஜூன் 12, மாலை

அன்புத் தங்கைக்கு,

கல்யாணப் பெண்ணுக்கு ஆசீர்வாதம். உன் கடிதத்துக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

காலையில் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். உங்கள் ஊர் பஸ் எதிரிலேயே நின்றது. டிரைவர் முதல் நாள் நான் திட்டிய அதே ஆள். என்னைப் பார்த்து, "ஏறுங்கம்மா, இன்னிக்கு கியரைக் குறைச்சே ஓட்டறேன்" என்றார். படியில் ஒரு கால்கூட வைத்துவிட்டேன். யாருக்காக ஏறுகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். உனக்காக இல்லை; நான் இல்லாமல் ஒன்று நடக்கப்போகிறதே என்றுதான். காலை எடுத்துவிட்டேன்.

என் முறை பத்தேமுக்காலுக்கு வந்தது. மேசைக்கு அந்தப்பக்கம் டீச்சரும் அந்த இரண்டு பெரியவர்களும். அவர்களில் தாடிக்காரர் ஒருவர், "நாலு தகுதியில் எது உங்ககிட்ட இருக்கு?" என்று கேட்டார். பாடம் மாதிரி ஒப்பிக்கத்தான் தயாராக வந்தேன். வாயில் வேறு வந்தது.

"முழுசா ஒண்ணும் இல்லைங்க. கோபம் குறைஞ்சிருக்கு, போகலை. கடைசியா சொல்வாங்களே, விடுதலைக்கான தவிப்பு, அது மட்டும் கொஞ்சம் இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"இன்னிக்குப் பதினோரு மணிக்கு என் தங்கச்சிக்குக் கல்யாணம். எனக்கு இருக்கறது அவ ஒருத்திதான். நான் இங்க உட்கார்ந்திருக்கேன்."

தாடிக்காரர் கேட்டார்: "அது தவிப்பா, கல்யாணத்துமேல இருக்கற கோபமா?"

"கலந்துதான் இருக்கும். காலையில பார்த்தப்போ கோபம் குறைச்சலா இருந்தது."

தாடிக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி பதினொண்ணு ஆகுது. அவங்களுக்காகக் கொஞ்ச நேரம் இருப்போமா?" என்றார். நாலு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். உன் முகம் வந்தது. சிறுவயதில் என் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, "நீ பிடிச்சுக்கோ, நீ பிடிச்சுக்கோ" என்பாயே, அந்த முகம் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு முகம், நிதானமாக, யார் பக்கமோ திரும்பிக்கொண்டு. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

எடுத்துக்கொண்டார்கள்.

உன் அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நமக்கு இடம் கிடைத்துவிட்டது என்று தெருவுக்கே சொல்லிவிட்டேன். 'நமக்கு' என்றுதான் சொன்னேன்.

ஆனால் ஒரு விஷயம். நீங்கள் நால்வரும் கண்ணை மூடி எங்களை வாழ்த்தினீர்களே, அப்போது நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். பதிவாளர் வரவே பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. எங்களுக்கு முன்னால் நின்ற இளம் ஜோடி வெயிலில் நின்று நின்று சண்டை போட ஆரம்பித்துவிட்டது. அவர்கள் மட்டும் பதினொரு மணி சுமாருக்குத் திடீரென்று சமாதானம் ஆகிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் வாழ்த்து எங்கே போனது என்று நீயே முடிவு செய்துகொள்.

சாட்சிக் கையெழுத்துப் போட்டது பல் டாக்டரம்மா. தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார், முந்தின வாரம்தான் தேறினார். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை முழுசாகத் திறந்திருந்தார், வாயையும். நீலப் புடவைதான் கட்டினேன்.

அவர் தன் போர்டை மாற்றி எழுதப்போகிறாராம். "வேற நிறத்துல எழுதிடறேன், அக்காவுக்குப் பிடிச்ச நிறம் எது?" என்று கேட்கிறார்.

உன் தங்கை


ஜூன் 27

அன்புத் தங்கைக்கும் தம்பிக்கும்,

இரண்டு பேருக்குமாகச் சேர்த்து எழுதுவது இதுதான் முதல் தடவை. கை கொஞ்சம் தயங்கியது, பிறகு சரியாகிவிட்டது.

தம்பி, போர்டை மாற்ற வேண்டாம். அந்த மஞ்சள் தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும். அதனால்தான் நானும் அதை வைத்தேன். இரண்டு போர்டையும் ஒன்றாக்குவதா வேண்டாமா என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்க வேண்டாம்.

மேல்மாடியில் என் அறையைப் பூட்டி வைத்திருக்கிறாய் என்று தெரியும். திறந்துவிடு. வெளிச்சமான அறை, சாலை விதிகள் வகுப்பை அங்கே நடத்தலாம். என் துணிகளை யாருக்காவது கொடுத்துவிடு. கம்பளிப் போர்வையை மட்டும் அனுப்பு, இங்கே குளிருகிறது. எல்லாம் மாயைதான், ஆனால் குளிருகிறது.

அடுத்த வாரம் புத்தகத்தைத் திறக்கிறோம். இனி மாதம் ஒரு கடிதம்தான். டிசம்பரில் பத்து நாள் விடுமுறை தருவார்கள். தட்டச்சர் அம்மாள் தன் மகன் வீட்டுக்குப் போகிறார். எனக்கும் எங்காவது போகலாம் என்றிருக்கிறது.

உங்களுக்குச் சௌகரியம் என்றால், நான் உங்கள் வீட்டுக்கு வரலாமா? கூடத்தில் படுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'உங்கள் வீடு' என்றால் என்ன அர்த்தம், வருவதற்கு அனுமதி கேட்க நீ என்ன மூன்றாம் மனுஷியா என்று நாலு பக்கம் திட்டி எழுதினேன். ஒட்டுவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டினேன். அவர் வழக்கம்போல மெதுவாகத்தான் சொன்னார்: "அவங்க யாரையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவங்க. கஷ்டப்பட்டு முதல் தடவையா கேட்டிருக்காங்க. திட்டாதே. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டேன். போர்வை தனியாக வருகிறது.

பதில்: வரலாம் அக்கா. எங்களுக்குச் சௌகரியம்தான்.

உன் தங்கை